பிரிசம் மாறினால் எண்ணும் மாறவேண்டும்

மட்டக்களப்பில் புதிதாக டோட்டல் ஸ்டேஷன் (கோணமும் தூரமும் அளக்கும் நிலஅளவைக் கருவி) பிடிக்கும் தம்பிமார் பழைய குழிகளிலேயே திரும்பத் திரும்ப விழுகிறார்கள். முக்காலி ஆடுவது, மட்டம் காட்டும் பபிள் விலகுவது எல்லாம் கண்ணுக்குத் தெரியும், அவற்றை விடுகிறேன்.

பிரிசம் கான்ஸ்டன்ட்

கருவி அனுப்பும் ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடிதான் பிரிசம்; அந்தந்தப் பிரிசத்துக்கு ஏற்ப தூரத்தைத் திருத்தக் கருவியில் போடும் எண்தான் கான்ஸ்டன்ட். இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. கல்லடியில் ஒரு களஞ்சியக் கட்டடம். பிரிசம் இரவல். அதற்கு −30 மி.மீ. போடவேண்டும், கருவியில் 0 இருந்தது. ஒவ்வொரு தூரமும் 30 மி.மீ. கூடுதலாகக் காட்டியது. கருவியை நடுவில் வைத்து இருபுறமும் தூண்களைக் குறித்ததால் இடைவெளி 60 மி.மீ. குறைந்தது. கொங்கிரீட் இறுகி, கூரைச் சட்டம் வந்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது, போல்ட் துளையில் ஏறவில்லை. தூண் தலைகளை உடைத்தார்கள்.

"செக் பண்ணித்தானே அண்ணன் வைச்சம்" என்றான் ஒருவன். அதே கருவி, அதே பிரிசம், அதே இடம். வேறு என்ன காட்டும்? செவ்வகமாகச் சுற்றி வந்தாலும் எதிரெதிர்ப் பக்கங்களில் பிழை கழிந்துபோய், சுற்று அழகாக மூடும்.

பிரிசத்தில் அச்சிட்ட எண்ணையும் அப்படியே நம்பக்கூடாது. லைக்காவின் வட்டப் பிரிசம் லைக்கா கருவியில் 0, மற்றக் கருவிகளில் −34.4 மி.மீ. அளந்தே பாருங்கள். நேர்கோட்டில் அ, ஆ, இ என மூன்று முக்காலி. எண்ணை 0 ஆக்கி மூன்று கிடைத்தூரங்களையும் எடுங்கள். அ–ஆ 40.030 மீ., ஆ–இ 60.030, அ–இ 100.030 என்றால், முழுத் தூரத்திலிருந்து இரண்டு துண்டுகளையும் கழியுங்கள்: −0.030. போடவேண்டிய எண் அதுதான். முக்காலிகளை அசைக்காமல், ட்ரைபிராக்கில் (முக்காலித் தலையில் கருவியைப் பூட்டும் தட்டு) கருவியையும் பிரிசத்தையும் மட்டும் இடம் மாற்றுங்கள். அரை மணி நேர வேலை இது, இதற்குக் கூடவா பஞ்சி?

வெப்பநிலை

கருவியில் போட்ட வெப்பநிலை ஒரு பாகை பிழைத்தால் கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 1 மி.மீ. பிழைக்கும். பல கருவிகள் 12 அல்லது 15 பாகையை வைத்துக்கொண்டு வருகின்றன; நம்மூர் வெயில் 33. வீட்டு வளவுக்குள் தெரியாது. அம்பாறைப் பக்கம் கல்லோயா வாய்க்கால் நெடுக அளந்தால் தெரியும். வெப்பமானியை நிழலில் பிடியுங்கள்.

நண்பகல்

கானல் ஆடும்போது கலிபிரேஷன் (கருவியைச் சரிபார்ப்பது) வேண்டாம்.

லேசர் லெவல்

லேசரால் சமமட்டம் காட்டும் கருவி இது. கிரவல் பாதையில் குலுங்கி வந்த லெவலை அப்படியே நம்பாதீர்கள். 60 மீ. இடைவெளியில் இரண்டு முளை அடியுங்கள். நடுவில் வைத்து ஒருமுறை, ஒரு முளைக்குப் பக்கத்தில் வைத்து மறுமுறை, இரண்டு முளைகளின் உயரத்தையும் வாசியுங்கள். உயர வித்தியாசம் இரண்டு முறையும் ஒன்றாக வராவிட்டால், திருகாணியில் கை வைக்காமல் சர்வீசுக்கு அனுப்புங்கள்.