அம்மா கையெழுத்துப் போடாதபோது: எமான்சிபேஷன் மனுவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை. கலிஃபோர்னியாவில் ஒரு கவுண்டி நீதிமன்றத்தின் சுய உதவி மையம், வக்கீல் இல்லாமல் வருபவர்களுக்குப் படிவங்களை விளக்கிச் சொல்லும் இடம். புதிதாகச் சேர்ந்த தன்னார்வலப் பெண் ஒருத்தி, முதுகுப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பையனுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். அம்மா கையெழுத்துப் போடாவிட்டால் பரவாயில்லை, முதலில் வீட்டை விட்டு வந்துவிடு, அதுதான் முக்கியம் என்று. நான் எழுந்து போய்க் குறுக்கே பேசினேன். அவள் மேல் கோபமில்லை. 11 வருடத்துக்கு முன் அதே மேஜையில் உட்கார்ந்து கிட்டத்தட்ட அதே வார்த்தைகளை நானும் சொல்லியிருக்கிறேன். அதற்கான விலையை வேறு ஒரு பெண் கொடுத்தாள்.

தெரியாதவர்களுக்கு: எமான்சிபேஷன் என்பது 18 வயது ஆகும் முன்பே ஒரு பிள்ளையைப் பல விஷயங்களில் பெரியவராகக் கருதச் சொல்லும் நீதிமன்ற உத்தரவு. கிடைத்துவிட்டால் வாடகை ஒப்பந்தம் போடலாம், ஆஸ்பத்திரியில் தானே சம்மதம் கொடுக்கலாம். பெற்றோரின் அதிகாரம் முடிகிறது. பிள்ளையின் செலவைப் பார்க்க வேண்டிய அவர்கள் கடமையும் அதோடு முடிகிறது. இந்தியாவில் இதற்கு நேரான ஏற்பாடு கிடையாது, 18 ஆகும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அதனாலோ என்னவோ, இங்கே இருக்கும் நம் ஊர்ப் பெற்றோர்கள் இந்தச் சொல்லைக் கேட்டதும் பிள்ளை நம்மைத் தலைமுழுகப் பார்க்கிறான் என்றே எடுத்துக்கொள்கிறார்கள்.

நான் வக்கீல் இல்லை. படிவத்தை விளக்குவதோடு என் வேலை முடிந்தது. பெயரைத் தப்பாக எழுதுவது, நகல் எடுக்காமல் வருவது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அதையெல்லாம் கவுண்டரில் இருப்பவரே பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

முதலில் ஓடிப்போவது, அப்புறம் மனுப் போடுவது

இதுதான் இன்னும் என்னை எரிச்சலூட்டும் தவறு. எப்படி வருகிறது என்று பாருங்கள்.

கலிஃபோர்னியா குடும்பச் சட்டத்தின் 7120ஆம் பிரிவு மனுதாரரிடம் நாலு விஷயம் கேட்கிறது. வயது 14 ஆகியிருக்க வேண்டும். பெற்றோரை விட்டுத் தன் விருப்பத்தோடு தனியே வாழ வேண்டும். தன் வரவு செலவைத் தானே பார்க்க வேண்டும். வருமானம் குற்றச் செயலில் இருந்து வரக் கூடாது. இதில் இரண்டாவதைப் படிக்கும் பிள்ளைகள் பாதியிலேயே நின்றுவிடுகிறார்கள். அந்த வாக்கியத்துக்கு ஒரு வால் உண்டு: அப்படித் தனியே வாழ்வது பெற்றோரின் சம்மதத்தோடு, அல்லது அவர்கள் தடுக்காமல் விட்டதால் நடந்திருக்க வேண்டும்.

சட்டத்தில் இருக்கும் ஆங்கிலச் சொல் 'அக்வியசென்ஸ்'. முதல் வருடம் இதை அகராதியில் தேடிக் குழம்பிக்கொண்டிருந்தேன். நம் பாட்டிகள் எப்போதோ சொல்லிவிட்டார்கள், மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று. வாய்விட்டுச் சரி என்று சொல்லவில்லை, கையெழுத்தும் போடவில்லை, ஆனால் தெரிந்தும் தடுக்கவில்லை. அது போதும். பெற்றோர் கையெழுத்தில்லாமல் மனு நிற்குமா என்று கேட்டால், நிற்கும் என்பதுதான் பதில். பெற்றோர் வேண்டாம் என்று கத்திக்கொண்டு, போலீஸுக்குப் போன் செய்துகொண்டு இருக்கும்போது நிற்குமா என்றால், அது வேறு கேள்வி.

என் பேச்சைக் கேட்டு விலை கொடுத்தாள் என்று சொன்னேனே, அந்தப் பெண்ணுக்கு அப்போது 16 வயது. ஒரு காபிக் கடையில் வேலை, ஒழுங்காகச் சம்பளச் சீட்டு, நல்ல மதிப்பெண். அம்மாவோடு தினமும் சண்டை. நான் படிவத்தைக் காட்டி, பெற்றோரை விட்டுத் தனியே வாழ்ந்தால்தான் இது ஆகும் என்று சொன்னேன். வாலைச் சொல்லவில்லை, ஏனென்றால் எனக்கே அது சரியாக விளங்கியிருக்கவில்லை. அந்த வாரமே ராத்திரி ஒன்றரை மணிக்கு, மரப்படி சத்தம் போடும் என்று ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கித் தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். காலையில் படுக்கை காலியாக இருந்தது. எந்த அம்மாவும் செய்வதை அந்த அம்மாவும் செய்தார்: காணவில்லை என்று புகார். போலீஸ் அழைத்து வந்து வீட்டில் விட்டது. மறுபடி போனாள், மறுபடி அழைத்து வந்தார்கள். மூன்றாவது தடவை போனபோது மனுவையும் போட்டுவிட்டாள்.

விசாரணையில் நீதிபதி அம்மாவிடம் அதிகம் கேட்கவில்லை. மகள் வெளியே இருப்பதை எப்போதாவது ஏற்றுக்கொண்டீர்களா? இல்லை. அந்தப் புகார் எண்கள் எல்லாம் கோப்பிலேயே இருந்தன. மனு தள்ளுபடி. தோழியின் அம்மா, வாசலில் போலீஸ் வந்து நின்ற பிறகு, அவளை உள்ளே விடவில்லை. காலை ஷிஃப்ட்டுகள் தவறிப் போய்க் காபிக் கடை வேலையும் போயிற்று.

இதில் எது எரிச்சல் என்றால், எல்லாம் முடிந்த பிறகு அவள் தன் போனில் ஒரு மெசேஜைக் காட்டினாள். வீட்டை விட்டுப் போவதற்கு ஒரு மாதம் முன்னால் அம்மா அனுப்பியது: எங்கே வேண்டுமானாலும் போய்க்கொள், நான் கேட்க மாட்டேன். கோபத்தில் எழுதியதுதான். ஆனால் அந்த மனநிலையில் இருந்த அம்மாவிடம் பகலில் உட்கார்ந்து பேசி, போகும் இடத்தின் முகவரியைக் கொடுத்து, பெட்டியோடு முன்வாசல் வழியாகப் போயிருந்தால் கதை வேறு. ராத்திரியில் நழுவியதால், சும்மா இருந்திருக்கக்கூடிய அம்மாவை நாங்களே புகார் எழுத வைத்தோம். நாங்கள் என்று சொல்கிறேன், என் பங்கு அதில் உண்டு.

தடுக்காமல் விட்டதற்கு என்ன சாட்சி என்று புதிய தன்னார்வலர்கள் கேட்பார்கள். பெரிய ஆவணம் ஒன்றும் வேண்டாம். சாமான்களை அப்பாவே காரில் கொண்டுவந்து இறக்கியது. பள்ளிக்கூடத்தில் புது முகவரியைப் பெற்றோரே மாற்றிக் கொடுத்தது. மாதக்கணக்கில் போன மெசேஜ்கள், அதில் எங்கேயும் 'திரும்பி வா' இல்லாதது. ஒரு தமிழ் அம்மாவைப் பார்த்தேன், கடைசிவரை கையெழுத்துப் போட மறுத்தவர். மகன் 17 வயதில் இரண்டு பேரோடு அறையைப் பகிர்ந்துகொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமைதோறும் பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் இட்லி மாவு கொண்டுபோய் அவன் வாசலில் வைத்துவிட்டு, உள்ளே வராமல் திரும்பிவிடுவார். நீதிபதி அதைக் கேட்டதும் எத்தனை வாரமாக என்றார். ஏழு மாதமாக. "கையெழுத்து நான் போட மாட்டேன்" என்று வெளியே வந்தும் என்னிடம் சொன்னார் அந்த அம்மா, "அதுக்காக அவன் சாப்பிட்டானான்னு பாக்காம இருக்க முடியுமா?" மனு அனுமதிக்கப்பட்டது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் அடி, பாலியல் தொந்தரவு என்றால் மேலே சொன்ன எதற்கும் காத்திருக்காதீர்கள். மனு கெட்டுப்போகும் என்று பயந்து ஒரு ராத்திரிகூட அங்கே இருக்க வேண்டாம். அது குழந்தைகள் பாதுகாப்புத் துறை பார்க்க வேண்டிய விஷயம், எமான்சிபேஷன் அதற்கான மருந்தே கிடையாது. கலிஃபோர்னியா இளைஞர் உதவி எண் 1-800-843-5200.

பெற்றோருக்குத் தெரியாமல் முடித்துவிடலாம் என்று நினைப்பது

முடியாது. விசாரணைக்கு முன் பெற்றோருக்குத் தகவல் போயாக வேண்டும். அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாது, தகவல் கொடுக்க வழியில்லை என்று காட்டினால்தான் விலக்கு. முகவரி தெரிந்திருந்தும் தெரியாது என்று எழுதுபவர்கள் உண்டு. உண்மையை மறைத்து வாங்கிய உத்தரவைப் பின்னால் ரத்து செய்ய முடியும், 7130ஆம் பிரிவு அதற்காகவே இருக்கிறது.

வரவு செலவுப் படிவத்தில் பூஜ்யம் போடுவது

ஈ.எம்-115 என்று ஒரு படிவம். மாத வரவு, மாதச் செலவு. பிள்ளைகள் கொண்டுவருவதைப் பார்த்தால் போன் பில் பூஜ்யம், மருத்துவக் காப்பீடு பூஜ்யம், கார் காப்பீடு பூஜ்யம். ஏன் என்றால் அதெல்லாம் அப்பாவின் குடும்பத் திட்டத்தில் ஓடுகிறது. நீதிபதியின் கண் முதலில் போய் நிற்பது அந்தப் பூஜ்யங்களில்தான். தன் கணக்கைத் தானே பார்ப்பதாகச் சொல்லும் ஆளுக்குப் பல்பொடி செலவுகூட இல்லையா?

வரவுப் பக்கம் இன்னும் கஷ்டம். 14, 15 வயதில் பள்ளி நாட்களில் 3 மணி நேரம், பள்ளி நடக்கும் வாரத்தில் 18 மணி நேரம், அதற்கு மேல் வேலை பார்க்கக் கூடாது. 2025இல் இந்த மாநிலத்தின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 16.50 டாலர். பெருக்கிப் பாருங்கள், வாரத்துக்கு 297 டாலர், பிடித்தம் போவதற்கு முன்பு. 16 ஆனால் கொஞ்சம் பரவாயில்லை, பள்ளி நாளில் 4 மணி நேரம், வாரத்தில் 48 வரை. கையில் உத்தரவு வந்த பிறகும் இந்த மணிக்கணக்கு மாறாது. வேலை அனுமதிச் சீட்டைப் பெற்றோர் இல்லாமல் வாங்கலாம், அவ்வளவுதான் வித்தியாசம்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதில் தனியாக ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. ஹெச்-4 விசாவில், அதாவது வேலை விசாவில் இருக்கும் பெற்றோரைச் சார்ந்து, வந்த பிள்ளை அந்த விசாவை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே வேலை பார்க்க முடியாது. தெரிந்தவர் கடையில் கையில் காசு வாங்கிக்கொண்டு வேலை செய்கிறேன் என்று நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். இப்படி ஒருவன் வந்தபோது படிவத்தை அவன் கையிலிருந்தே வாங்கி வைத்துவிட்டு, குடியேற்ற வக்கீலைப் பார்க்கச் சொன்னேன்.

பள்ளிக்கூடத்தை நிறுத்துவது

18 வரை படித்தாக வேண்டும், உத்தரவு இருந்தாலும்.

கல்யாணமோ ராணுவமோ குறுக்குவழி என்று நினைப்பது

இரண்டும் எமான்சிபேஷனுக்குச் சமம் என்று சட்டம் சொல்வது உண்மைதான். ஆனால் 18க்குக் கீழே கல்யாணத்துக்குப் பெற்றோரில் ஒருவரின் எழுத்துச் சம்மதமும் நீதிமன்ற உத்தரவும் வேண்டும். 17 வயதில் ராணுவத்தில் சேரவும் பெற்றோர் சம்மதம் வேண்டும். எந்தக் கையெழுத்திலிருந்து தப்பிக்க ஓடினீர்களோ அதே கையெழுத்து.

பக்கத்து மாநிலத்து அண்ணன் சொன்னதை நம்புவது

நியூயார்க்கில் இப்படி மனுப் போடும் வழியே கிடையாது. ஃபுளோரிடாவில் 16 ஆக வேண்டும், பிள்ளை தானாக மனுப் போட முடியாது. டெக்சாஸில் 17, பெற்றோரை விட்டுத் தனியே வாழ்ந்தால் 16. 18 ஆனால் மேஜர் என்பதுகூட எல்லா இடத்திலும் இல்லை, அலபாமாவிலும் நெப்ராஸ்காவிலும் 19, மிசிசிப்பியில் 21. உங்கள் மாநிலத்துச் சட்டத்தைப் படியுங்கள்.

வேண்டாத மனுவைப் போடுவது

எங்களிடம் வருபவர்களில் நிறையப் பேருக்கு எமான்சிபேஷனே தேவைப்படாது. டாக்டரிடம் தானே சம்மதம் கொடுக்க வேண்டுமா? 15 வயது ஆகி, பெற்றோரை விட்டுத் தனியே இருந்து, தன் காசைத் தானே பார்க்கும் பிள்ளைக்கு 6922ஆம் பிரிவு அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது. அங்கே பெற்றோர் சம்மதித்தார்களா என்ற பேச்சே இல்லை. அப்பா அம்மாவோடு இருக்கவே முடியாது, பெரியம்மா வைத்துக்கொள்வார் என்றால் கார்டியன்ஷிப் இருக்கிறது, அவரை நீதிமன்றம் பிள்ளையின் பாதுகாவலராக நியமிப்பது. 12 வயது ஆன பிள்ளை தானே அதற்கு மனுப் போடலாம், பெற்றோர் எதிர்த்தாலும் நீதிபதி கேட்டு முடிவு சொல்வார். கல்லூரி உதவிப்பணத்துக்கான ஃபாஃப்சா விண்ணப்பத்தில் பெற்றோர் வருமானத்தைக் காட்டாமல் இருக்கத்தான் எமான்சிபேஷன் கேட்கிறேன் என்பவர்களும் உண்டு. நீதிமன்றம் கொடுத்த கார்டியன்ஷிப்பும் அங்கே செல்லும்.

விவாகரத்தான வீட்டுப் பிள்ளைகள் வந்தால் நான் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்பேன்: இந்த யோசனை யாருடையது? மாதாமாதம் பிள்ளைச் செலவுக்குப் பணம் கட்டும் அப்பா திடீரென்று உன் சுதந்திரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும்.

அந்த வியாழக்கிழமைப் பையனிடம் திரும்பி வருகிறேன். இப்போது எங்கே தங்கியிருக்கிறாய் என்று அதுவரை யாரும் அவனைக் கேட்டிருக்கவில்லை. கேட்டேன். ஜூன் மாதத்திலிருந்து அத்தை வீட்டில். அம்மா வேலைக்காக வேறு ஊருக்குப் போயிருக்கிறார், எந்தக் காகிதத்தைத் தபாலில் அனுப்பினாலும் பதில் வராது. பள்ளியில் அட்மிஷனுக்கு ஒரு பெரியவர் கையெழுத்துக் கேட்கிறார்கள், பல் டாக்டரும் கேட்கிறார். அவ்வளவுதான் பிரச்சினை. கூட வைத்துப் பார்த்துக்கொள்ளும் உறவினர் பூர்த்தி செய்து கொடுக்கும் உறுதிமொழிப் படிவம் ஒன்று உண்டு. நீதிமன்றமும் வேண்டாம், அம்மா கையெழுத்தும் வேண்டாம். புதுப் பெண் போய் அதை அச்செடுத்து வந்தாள். பையன் அதை நாலாக மடித்து முதுகுப்பையின் முன்ஜிப்பில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினான்.