சர்ச்சிலில் தங்குவதற்கு அறை தேடுவது எப்படி?

கனடாவின் மனிடோபா மாகாணத்தில், ஹட்சன் விரிகுடாவின் கரையில் இருக்கும் சர்ச்சில், 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 870 பேர் வாழும் சிற்றூர். வெளியூர்களிலிருந்து அங்கே போய்ச் சேரச் சாலை கிடையாது. அறை அமையாவிட்டால் பக்கத்து ஊரில் தங்கிக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லாததால், அறையை உறுதிசெய்த பிறகுதான் பயணச்சீட்டை வாங்க வேண்டும்.

முதலில் மாதத்தை முடிவுசெய்யுங்கள். விரிகுடா உறைந்ததும் பனிக்கட்டியின்மேல் சென்று சீல்களை வேட்டையாடக் காத்திருக்கும் துருவக்கரடிகள் அக்டோபர், நவம்பர் மாதங்களில் கரையோரம் கூடுகின்றன. அந்த வாரங்களுக்கான அறைகளில் பெரும்பகுதியைச் சுற்றுலா நிறுவனங்கள் முன்கூட்டியே எடுத்துக்கொள்வதால், தனியாகச் செல்பவர் ஏறக்குறைய ஓராண்டுக்கு முன்பே தேடத் தொடங்குவது நல்லது. கரடிதான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாதவர்கள், ஆற்று முகத்துவாரத்தில் வெள்ளைத் திமிங்கிலங்கள் திரளும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களையோ துருவ ஒளிக்குரிய பிப்ரவரி, மார்ச் மாதங்களையோ பார்க்கலாம்.

அடுத்து, விடுதிகளை நேரடியாகத் தொலைபேசியில் அழையுங்கள். ஊரில் இருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடிய சிறு விடுதிகளும், காலை உணவுடன் அறை தரும் வீடுகளுமே. முன்பதிவுத் தளத்தில் இடமில்லை என்று காட்டினாலும், காத்திருப்போர் பட்டியலில் பெயரைச் சேர்க்கச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. ஊர் நடுவே கெல்சி சாலையை ஒட்டிய விடுதி கிடைத்தால் ரயில் நிலையத்துக்கும் உணவகத்துக்கும் நடந்தே போய்விடலாம். ஊருக்குக் கிழக்கே 23 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வடபுல ஆய்வு மையத்திலும் படுக்கைகள் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் அங்கே பயிற்சிக்கும் ஆய்வுக்கும் வருபவர்களுக்கானவை. செலவைக் குறைக்கக் கூடாரம் அடிக்கும் யோசனையை, கரடிகளை எண்ணி, இப்போதே கைவிடுங்கள்.

பணம் கட்டுமுன் ரத்து விதிகளைக் கேளுங்கள். மாகாணத் தலைநகர் வின்னிபெக்கிலிருந்து சுமார் 1,700 கிலோமீட்டர் வரும் ரயில் இரண்டு இரவுகள் ஓடுகிறது. உறைநிலத்தின்மேல் போட்ட தண்டவாளம் என்பதால் வேகம் குறைவு, தாமதமும் வழக்கம். 2017 மே மாத வெள்ளத்தில் பாதை அரிக்கப்பட்டு, ஒன்றரை ஆண்டுக்கும் மேலாகப் பயணிகள் ரயிலே ஓடவில்லை. எனவே தாமதமாக வந்தாலும் அறை காக்கப்படுமா என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்வதோடு, திரும்பும் நாளுக்குப் பின் ஓர் இரவை உபரியாக ஒதுக்குங்கள்.

அறைக்குள் நுழைந்ததும் கரடி எச்சரிக்கைக்கான தொலைபேசி எண்ணை வரவேற்பாளரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு, இருட்டிய பிறகு வெளியே நடந்து போவதைத் தவிர்த்துவிடுங்கள்.