சபையில் கேள்வி கேட்டவருக்கு என்ன நேர்ந்தது என்று பாருங்கள்

ஒரு கிறிஸ்தவ சபை ஆரோக்கியமாக இருக்கிறதா என்பதை ஆராதனையின் உற்சாகத்தையோ, கூட்டத்தின் அளவையோ, போதகரின் பேச்சுத்திறனையோ வைத்து முடிவுசெய்ய இயலாது. அங்கே கடைசியாகக் கேள்வி கேட்டவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று விசாரியுங்கள். காணிக்கைக் கணக்கைக் கேட்டவரோ, வாலிபர் கூடுகையில் நடந்த தவறைச் சொன்னவரோ அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் மறைமுகமாகச் சாடப்பட்டு, மோசேக்கு எதிராகக் கலகம் செய்த கோராகின் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்று முத்திரை குத்தப்பட்டு, மெல்ல மெல்ல ஒதுக்கப்பட்டிருந்தால், வேறு அடையாளங்களைத் தேட வேண்டியதில்லை.

இத்தகைய சபைகளில் அடிக்கடி கேட்கும் வசனம், ‘நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாமல் இருங்கள்’ என்பது. 105ஆம் சங்கீதத்தில் அது வரும் இடத்தை வாசித்துப் பாருங்கள். கொஞ்ச எண்ணிக்கையினராய், பரதேசிகளாய் அலைந்த முற்பிதாக்களைத் தொடக்கூடாது என்று ராஜாக்களுக்கு விடுக்கப்பட்ட கண்டிப்பு அது. எளியவரைக் காத்த வசனத்தை அதிகாரத்தில் இருப்பவர் தமக்குக் கேடயமாக்கிக்கொள்வது எவ்விதத்திலும் நியாயமன்று. சபையை நடத்தும் மூப்பருக்கு எதிரான குற்றச்சாட்டுக்கு இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும் என்று 1 தீமோத்தேயு 5:19ஐக் காட்டுகிறவர்கள், பாவம் செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள் என்னும் அடுத்த வசனத்தையும் வாசிக்கட்டும்.

பேர்பெற்ற ஊழியங்களும் இதற்கு விலக்கல்ல. 1946இல் சென்னையில் பிறந்து உலகெங்கும் அறியப்பட்ட சுவிசேஷகர் ரவி சகரியாஸ் மீது 2017இல் எழுந்த குற்றச்சாட்டை அவருடைய நிறுவனம் ஏற்க மறுத்தது. அவர் 2020இல் இறந்த பின்னர், நிறுவனமே அமர்த்திய சட்ட நிறுவனத்தின் விசாரணை அவருடைய பாலியல் அத்துமீறல்களை உறுதிசெய்தது. 2021 பிப்ரவரியில் அந்த அறிக்கையை வெளியிட்டு நிர்வாகக் குழு மன்னிப்புக் கேட்டது. குற்றம் சாட்டியவரை முதலிலேயே செவிகொடுத்துக் கேட்டிருக்க வேண்டும் என்பதே இதில் பிற சபைகளுக்குரிய செய்தி.

ஆரோக்கியமான சபையைக் கட்ட விரும்புவோர் பணத்திலிருந்து தொடங்கலாம். எருசலேமின் ஏழைகளுக்கான தர்மப்பணத்தைப் பவுல் தனியாகக் கொண்டுசெல்லவில்லை. ஒருவரும் குறைசொல்லாதபடி, சபைகளால் தெரிந்துகொள்ளப்பட்ட சகோதரரையும் உடன் சேர்த்துக்கொண்டார். காணிக்கையை உறவினரல்லாத இருவர் எண்ண வேண்டும்; தணிக்கை செய்யப்பட்ட கணக்கை ஆண்டுக்கு ஒருமுறை சபையார் முன் வைக்க வேண்டும். போதகரும் மனைவியும் மகனும் மட்டுமே அறங்காவலர்களாக இருக்கும் சபையில் இந்தக் கோரிக்கை கசக்கத்தான் செய்யும்.

பிள்ளைகள் விஷயத்தில் சமரசத்துக்கு இடமே இல்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றத்தை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். மறைப்பது தண்டனைக்குரிய குற்றம். 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணிலும் உதவி பெறலாம். முதலில் தனிமையில் பேசு என்னும் மத்தேயு 18ஐக் காட்டி, பாதிக்கப்பட்ட பிள்ளையைக் குற்றவாளியின் முன் நிறுத்துவது கொடுமை.

முறையீடு எழும்போது என்ன செய்வது என்பதற்கு அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரம் நல்ல முன்மாதிரி. தங்கள் விதவைகள் அன்றாட உணவுப் பகிர்வில் புறக்கணிக்கப்படுகிறார்கள் என்று கிரேக்கமொழி பேசிய யூதர் முறுமுறுத்தபோது, அப்போஸ்தலர் அதைக் கலகம் என்று அடக்கவில்லை; சபையாரையே ஏழுபேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். தெரிந்தெடுக்கப்பட்ட ஏழுபேருக்கும் கிரேக்கப் பெயர்களே இருந்தன. சாதிவாரியாகக் கல்லறை நிலத்தைப் பிரித்தும் சேகரம் எனப்படும் திருச்சபைப் பிரிவின் தேர்தலில் அணிசேர்ந்தும் பழகிப்போன நம் சபைகள், புறக்கணிக்கப்பட்ட தரப்பிடமே பொறுப்பை ஒப்படைக்கும் இந்தத் துணிவைக் கற்றுக்கொள்ள இன்னும் நெடுந்தூரம் இருக்கிறது.

உள்ளிருந்து மாற்ற இயலாத நிலை வந்தால் விலகுவது துரோகமாகாது. ஆனால் திருமணமும் அடக்கமும் சபையோடு பிணைந்திருப்பதால், குடும்பத்தாரிடம் முன்கூட்டியே பேசி, ஞானஸ்நானச் சான்றையும் திடப்படுத்தல் (சபையின் முழு உறுப்பினராக ஏற்கும் சடங்கு) சான்றையும் எழுத்துமூலம் கேட்டுப் பெற்றுக்கொண்ட பிறகு வெளியேறுங்கள்.