புகார் எழுந்த தளத்திலேயே பதில் கூறுங்கள்

நிறுவனத்தைப் பற்றிய புகார் சமூக ஊடகத்தில் பரவும்போது, பத்திரிகைகளுக்கு மட்டும் அறிக்கை அனுப்பிவிட்டு அமைதியாக இருப்பது இன்று போதாது. 2009 ஏப்ரலில் அமெரிக்காவின் வட கரோலினாவிலுள்ள டோமினோஸ் பீட்சா கடையொன்றின் ஊழியர்கள் இருவர் உணவை அருவருப்பாகக் கையாண்டு அதை யூடியூபில் வெளியிட்டபோது, சலசலப்பு தானாக அடங்கிவிடும் என்று முதலில் எண்ணிய அந்நிறுவனம், பார்வைகள் பத்து லட்சத்தைத் தாண்டும் நிலையில் தன் அமெரிக்கப் பிரிவுத் தலைவர் பேட்ரிக் டாயிலை அதே யூடியூபில் தோன்றி மன்னிப்புக் கேட்க வைத்ததுடன், ட்விட்டரில் கணக்கு தொடங்கியும் பதிலளித்தது. அவர் கேமராவை நேராகப் பார்க்காமல் பேசியதைக்கூடப் பலர் குறையாகச் சொன்னார்கள். ஆயினும் இடத்தேர்வு சரியானதே.

ஆகவே, புகார் எந்தத் தளத்தில் எழுந்ததோ அங்கேயே, பொறுப்பிலுள்ள ஒருவரின் பெயரிலும் முகத்திலும் பதிலை வெளியிட்டு, அதைப் பக்கத்தின் மேற்பகுதியில் நிலையாக வையுங்கள். விவரம் முழுமையாகத் தெரியாவிட்டால், விசாரணை நடப்பதையும் அடுத்த தகவல் வரும் நேரத்தையும் மட்டும் சொல்லுங்கள். வசைச்சொற்கள் தவிர்த்த பிற விமர்சனங்களை நீக்காதீர்கள். நீக்கியவற்றின் திரைப்பிடிப்பு எப்படியும் வெளிவரும். தாமதம் பெரும்பாலும் ஒப்புதலில்தான் நேர்கிறது என்பதால், விடுமுறை நாளின் இரவில் பதிலுக்கு ஒப்புதல் தருபவர் யார் என்பதை இப்போதே எழுத்தில் முடிவு செய்துகொள்ளுங்கள்.