மனைவியின் தோட்டத்துக்குப் புடலைப் பந்தல்: துணைக்கு நிற்பவருக்கான செய்முறை

கடலூர் கேப்பர் மலைச் செம்மண்ணில் எங்கள் குடும்பத்துக்கு மூன்று சென்ட் காய்கறித் தோட்டம் இருக்கிறது. எதை, எப்போது விதைப்பது என்பதை என் மனைவி முடிவு செய்வார்; மண்வெட்டியும் கடப்பாரையும் என் பொறுப்பு. ஆடிப்பட்டத்துக்கு அவர் விதையைக் கையில் எடுப்பதற்குள் பந்தல் தயாராக நிற்க வேண்டும் என்பதால், ஆனி பிறந்ததுமே வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது.

முதலில் இடத்தை அவரிடமே கேளுங்கள். கொடி படர்ந்தபின் பந்தலின் நிழல் எங்கே விழும் என்பதைப் பார்த்துத்தான் கீரைப் பாத்தியை அவர் வைப்பார். நான் ஒருமுறை கேட்காமல் மேற்கு ஓரத்தில் கழி நட்டு, மறுநாளே பிடுங்க நேர்ந்தது.

பத்தடிக்குப் பத்தடிப் பந்தலுக்கு எட்டடி நீளமுள்ள ஒன்பது சவுக்குக் கழிகள் போதும். கடலோரமெங்கும் சவுக்குத் தோப்புகள் இருப்பதால் கழிக்கு அலைய வேண்டியதில்லை. ஒவ்வொரு கழியின் அடிப்பகுதியிலும் இரண்டரை அடி நீளத்துக்கு மேல்பரப்பு மட்டும் கருகும்படி தீயில் வாட்டினால், கரையான் ஏறுவது தாமதமாகும். பிறகு ஐந்தடி இடைவெளியில், வரிசைக்கு மூன்றாக மூன்று வரிசைகளில் இரண்டடி ஆழக் குழிகளைத் தோண்டிக் கழிகளை நிறுத்தி, மண்ணைச் சிறிது சிறிதாகத் தள்ளிக் கடப்பாரையின் அடியால் இடித்து இறுக்குங்கள். சோம்பல்பட்டு ஓரடியோடு நான் நிறுத்திய முதல் பந்தல், ஐப்பசி மழையில் மண் இளகியதும், காய்களோடு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. மூலைக் கழி நான்கிலிருந்தும் வெளிப்புறமாகக் கம்பியைச் சரிவாக இழுத்து முளையடித்துக் கட்டுவதும் அவசியம். 2011 டிசம்பர் 30 அன்று இங்கே கரையைக் கடந்த தானே போன்ற புயலை எந்தப் பந்தலும் தாங்காது. ஆனால் சாதாரண மழைக்காற்றுக்கு இந்தக் கட்டு போதும்.

மேலே ஓரங்களில் தடித்த கம்பியையும், உள்ளே ஓரடிக் கட்டங்களாக நைலான் கயிற்றையும் இழுத்துக் கட்டுங்கள். கம்பி முனைகளை மடக்கிவிட மறக்காதீர்கள். காய் பறிக்க நீளப்போவது அவருடைய கை.

விதைப்பதற்குப் பத்து நாள் முன்னதாக, மூலைக்கு ஒன்றாக, நீளம், அகலம், ஆழம் ஓரடி கொண்ட நான்கு குழிகளை வெட்டி, குழிக்குப் பத்துக் கிலோ மக்கிய தொழு உரத்தை மேல்மண்ணோடு கலந்து நிரப்புங்கள். கடலூருக்கு மழை பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையில்தான் கொட்டும். ஆகவே குழியின் வாய் தரையைவிட அரையடி மேடாகவும், பக்கத்தில் தண்ணீர் வடியச் சிறு வாய்க்காலும் இருக்கட்டும். குழிக்கு ஐந்து விதைகள் ஊன்றி, பதினைந்து நாளில் நல்ல நாற்றுகள் இரண்டை மட்டும் விட்டுவைப்பது வழக்கம். எதைக் களைவது என்பதை அவரே சொல்லட்டும்; எனக்கு இன்றும் எல்லா நாற்றும் ஒன்றுபோலத்தான் தெரிகின்றன.

கொடி பந்தலைத் தொடும்வரை பக்கக் கிளைகளைக் கிள்ளிவிட்டு, வாழைநாரால் தளர்வாகக் கழியோடு கட்டிவாருங்கள். மாலையில் ஓரமெல்லாம் நூல் நூலாகப் பிரிந்த வெள்ளைப் பூ விரியும் நேரத்தில் பந்தலடியில் நின்றால், சுருளத் தொடங்கிய பிஞ்சுகள் கண்ணில் படும். சாண் நீளப் பிஞ்சின் நுனியில், பாக்களவுக் கல்லை நாரில் கோத்துக் கட்டுங்கள். நார் தோலை அறுக்காதபடி ஒரு விரல் நுழையும் இடம் விட்டு முடிச்சிட வேண்டும். கல் கனத்தால் பிஞ்சு காம்போடு வந்துவிடும். காய் நீண்டபின் கல்லை அவிழ்த்து அடுத்த பிஞ்சுக்கு மாற்றலாம். எங்கள் வீட்டில் பதினைந்து கற்கள் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் ஆண்டுதோறும் காத்திருக்கின்றன.

தை பிறந்து கொடி காய்ந்ததும் கயிற்றை அவிழ்த்துச் சுற்றி வைத்துவிட்டு, கழிகளை மண் தட்டிக் கொட்டகை நிழலில் படுக்க வையுங்கள்.