அழுகத் தொடங்கிய ஸ்னேக் பிளான்ட்டை மீட்பது எப்படி

ஸ்னேக் பிளான்ட் வாடியிருப்பதைப் பார்த்ததும் செய்யவே கூடாத காரியம், மண்ணைப் பார்க்காமல் தண்ணீர் ஊற்றுவது. மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்தச் செடி, தடித்த இலையிலும் மண்ணுக்குள் ஓடும் கிழங்கிலும் நீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். இலைத்துளைகளைப் பகலில் மூடி, இரவில் திறக்கும் என்பதால் நீர் இழப்பும் குறைவு. ஒரு மாதம் தண்ணீர் ஊற்ற மறந்தாலும் பிழைத்துக்கொள்ளும். வாரக்கணக்கில் சேற்றில் நின்றால் வேருக்குக் காற்று கிடைக்காது. பலவீனப்பட்ட வேரில் பூஞ்சை ஏறிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மொட்டை மாடியில் இருக்கும் தொட்டிகள் இப்படித்தான் போகின்றன.

முதலில் என்ன நோய் என்று தெரிய வேண்டும். இலையின் அடிப்பகுதி மஞ்சளாகி, விரலால் அழுத்தினால் கொழகொழவென்று இருக்கிறதா, புளித்த வாடை வருகிறதா? அது அழுகல். இலை நீளவாக்கில் மடிந்து சுருங்கியிருந்தால் தாகம் என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். வேர் அழுகிய செடியாலும் நீரை உறிஞ்ச முடியாது. அதன் இலையும் அப்படியேதான் சுருங்கும். மண்ணைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். மண் அடிவரை காய்ந்து இலை சுருங்கியிருந்தால் தாகம். நன்றாக ஒருமுறை நனைத்தால் சில நாட்களில் தேறிவிடும். மண் ஈரமாக இருந்தும் சுருங்கியிருந்தால் வேர் போய்விட்டது. நுனி மட்டும் காய்ந்து பழுப்பாவது உப்புத் தண்ணீராலோ நீர் ஒழுங்கில்லாததாலோ இருக்கும், உயிருக்கு ஆபத்தில்லை. சித்திரை வெயிலில் வெளிறிய திட்டுகள் விழுந்தால் இடத்தை மாற்றினால் போதும். இலை இடுக்குகளில் வெள்ளைப் பஞ்சு போல் மாவுப்பூச்சி இருந்தால், ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து, மாலையில் துணியால் துடைத்து எடுங்கள். தெளித்தால் இலைகளுக்கு நடுவே நீர் தேங்கி அங்கேயும் அழுகும்.

அழுகல் என்று தெரிந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் செடியைத் தொட்டியிலிருந்து எடுங்கள். பிளாஸ்டிக் தொட்டியென்றால் பக்கங்களைப் பிசைந்து தளர்த்தலாம். மண் தொட்டியென்றால் ஓரத்தைச் சுற்றிக் கத்தியை விட்டுத் தளர்த்துங்கள். இலையைப் பிடித்து இழுக்காதீர்கள், அழுகிய இலை கையோடு வந்துவிடும். நர்சரியில் வாங்கிய செடிகளில் வேருக்கு நடுவே களிமண் உருண்டை ஒன்று இறுகிக் கிடக்கும். மேல்மண் காய்ந்த பிறகும் அது ஈரத்தை விடாது, அழுகல் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும். குழாய் நீரில் காட்டி அதை முழுவதும் கரைத்துவிடுங்கள்.

நல்ல வேர் வெளிர் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ, உறுதியாக இருக்கும். அழுகியது கறுத்து, தொட்டால் தோல் கழன்று உள்ளே நூல் மட்டும் நிற்கும். கிழங்கையும் விரல் விரலாக அழுத்திப் பாருங்கள். மென்மையாக இருக்கும் இடத்துக்கு அரை அங்குலம் தள்ளி, நல்ல பகுதியில் வெட்ட வேண்டும். வெட்டுமுகத்தில் பழுப்புக் கோடோ புள்ளியோ தெரிந்தால் இன்னும் கொஞ்சம் வெட்டுங்கள். சுத்தமான வெளிர் சதை வரும்வரை நிறுத்தக் கூடாது. இரக்கப்பட்டு விட்டுவைக்கும் சிறு அழுகல் மொத்தச் செடியையும் கொண்டுபோய்விடும். ஒவ்வொரு வெட்டுக்கும் முன் கத்தியை ஸ்பிரிட்டால் துடையுங்கள். வெட்டிய துண்டுகளை நாய், பூனை தின்னாமல் உடனே அப்புறப்படுத்துங்கள். இந்தச் செடியில் உள்ள சாப்போனின் என்ற நச்சுப்பொருள் அவற்றுக்கு வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும்.

வெட்டுமுகங்களில் லவங்கப்பட்டைத் தூள் தடவலாம். அழுகல் கிழங்குவரை ஏறியிருந்தால் கார்பென்டசிம், மான்கோசெப் இரண்டும் கலந்த பூஞ்சைக்கொல்லியை லிட்டருக்கு 2 கிராம் வீதம் கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு, 15 நிமிடம் முக்கி எடுங்கள். பிறகு நிழலில், காகிதத்தின் மேல் 2 முதல் 3 நாள் கிடத்துங்கள். மழைக்காலத்தில் மின்விசிறிக் காற்றில் 5 நாள்வரை. வெட்டுமுகம் காய்ந்து தோல் கட்டிய பிறகே நட வேண்டும். அவசரத்தில் அன்றே நட்டுவிடுவதால்தான் இவ்வளவு வேலைக்குப் பிறகும் பல செடிகள் மறுபடி அழுகுகின்றன.

மண்கலவைக்கு ஒரே அளவு டம்ளரால் கரடுமுரடான மணல் 4, செம்மண் 3, மண்புழு உரம் 2, உடைத்த அடுப்புக்கரி 1 என்று எடுத்துக்கொள்ளுங்கள். எம்-சாண்ட் என்றால் சலித்து மாவைக் கொட்டிவிட்டுக் குருணையை மட்டும் சேருங்கள். கடல் மணல் கூடாது. தேங்காய் நார்த்தூளை மட்டுமே நிரப்பிய தொட்டி மழைக்காலத்தில் வாரக்கணக்கில் காயாது. தொட்டி மண்ணால் ஆனதாக, கிழங்குத் தொகுப்பைவிட இரண்டு விரல் மட்டுமே அகலமாக இருக்கட்டும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண்ணெல்லாம் ஈரமாகவே கிடக்கும். அடியில் ஜல்லி பரப்பும் பழக்கம் பயன் தராது. நுண்ணிய மண்ணிலிருந்து நீர் ஜல்லிக்குள் எளிதில் இறங்காமல் அதன் மேலேயே தேங்கி, ஈரம் வேருக்கு இன்னும் பக்கமாகும். துளையின் மேல் ஓட்டுச்சில் ஒன்று போதும்.

கிழங்கின் மேல் ஒரு அங்குல மண்ணுக்கு மேல் போடாதீர்கள். செடி சாய்ந்தால் குச்சி நட்டுக் கட்டுங்கள், ஆழப் புதைக்காதீர்கள். முதல் தண்ணீர் ஒரு வாரம் கழித்து: அடித்துளையில் வழியும்வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். அடுத்தடுத்த தண்ணீரை நாள்காட்டி பார்த்து ஊற்றக் கூடாது. காய்ந்த மூங்கில் குச்சியை அடிவரை செருகி, 10 நிமிடம் விட்டு எடுத்துப் பாருங்கள். ஈரமோ ஒட்டிய மண்ணோ இருந்தால் காத்திருங்கள். கோடையில் 10 முதல் 14 நாளுக்கு ஒருமுறையும், மழைக்காலத்தில் 3, 4 வாரத்துக்கு ஒருமுறையும் தேவைப்படலாம். கிழக்கு ஜன்னல் நல்ல இடம். இருட்டறையிலும் இது உயிரோடு இருக்கும், ஆனால் அங்கே மண் காயாது.

கிழங்கே மிஞ்சவில்லையென்றால், கெடாத இலையை 4 அங்குலத் துண்டுகளாக வெட்டுங்கள். அடிப்பக்கத்தை ‘வி’ வடிவில் வெட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். தலைகீழாக நட்டால் வேர் விடாது. 3 நாள் உலர்த்தி, ஈர மணலில் ஒரு அங்குலம் செருகினால் 4 முதல் 8 வாரத்தில் வேர் வரும். குட்டி முளைக்க அதற்கு மேல் சில மாதம் ஆகும். மஞ்சள் ஓரமுள்ள வகையை இப்படி வளர்த்தால் வரும் குட்டியில் அந்த மஞ்சள் இருக்காது. அதனால் அந்த வகையில் கட்டைவிரல் அளவு கிழங்கு தேறினாலும் அதையே நடுங்கள்.

ஒரு மாதம் கழித்து இலையை லேசாக அசைத்துப் பாருங்கள். பிடிப்பு இருந்தால் வேர் விட்டிருக்கிறது. உரம் எதுவும் புதுக்குட்டி மண்ணுக்கு மேல் தலைகாட்டிய பிறகுதான். வெளியே கொட்டிய பழைய மண்ணை வேறு தொட்டியில் சேர்க்காதீர்கள்.