எலிசபெத் ஸ்டூவர்ட்டைத் தேடிப் போவது எப்படி?

இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸின் மகள், 1635இல் பிறந்து 14 வயதிலேயே இறந்துபோனவள். சவுத்தாம்ப்டனில் படகு ஏறி வைட் தீவுக்குப் போங்கள். முதலில் கேரிஸ்புரூக் கோட்டை. அப்பாவின் தலையை வெட்டுவதற்கு முந்தைய நாள், 1649 ஜனவரி 29 அன்று, அவர் கடைசியாகச் சொன்னதை எழுதிவைத்த இந்தப் பெண்ணை அடுத்த வருடமே இங்கே கொண்டுவந்து அடைத்தார்கள், சில வாரங்களிலேயே, செப்டம்பர் 8 அன்று, காய்ச்சலில் போய்விட்டாள். பாவம்!

அப்புறம் பக்கத்திலேயே நியூபோர்ட், அங்கே புனித தாமஸ் தேவாலயம். மறந்துபோன கல்லறை 1793இல்தான் கண்ணில் பட்டது. விக்டோரியா ராணி செய்யச் சொன்ன பளிங்குச் சிலையில் பைபிள்மேல் கன்னம் வைத்துப் படுத்திருக்கிறாள். மேலே உடைந்த சிறைக்கம்பிகளையும் பாருங்கள், பலர் கவனிப்பதில்லை. கோட்டைக்கு டிக்கெட் உண்டு, தேவாலயம் திறந்திருக்கும் நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.